பெட்டி சூடானது யார் கையில்?

ஒரு தடுப்பூசிப் பெட்டி ஆலையிலிருந்து மருத்துவமனைக்குக் கிளம்புகிறது. வழி நெடுக 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டிய சரக்கு. வந்து சேர்ந்த பிறகு பார்த்தால், நடுவில் எங்கோ சூடேறியிருக்கிறது. நஷ்டம் யார் தலையில்? ஆலை லாரிக்காரரைக் கை காட்டும். லாரிக்காரர் கிடங்கைச் சொல்வார். கிடங்கு விமானச் சரக்குப் பிரிவைச் சொல்லும். பதிவேடு எல்லோரிடமும் இருக்கும். அவரவர் பதிவேட்டில் அவரவர் மேல் தப்பு இருக்காது.

இந்த மாதிரிச் சண்டையைத் தீர்க்கத்தான் சரக்குப் போக்குவரத்தில் சென்சாரையும் பிளாக்செயினையும் ஜோடி சேர்க்கிறார்கள்.

யாருக்கு என்ன வேலை?

அளப்பது சென்சாரின் வேலை. உள்ளங்கையில் அடங்கும் ஒரு கருவியைப் பெட்டிக்குள் வைத்துவிட்டால், வெப்பநிலை, ஈரப்பதம், குலுங்கல், வண்டி நிற்கும் இடம் எல்லாவற்றையும் குறித்த இடைவெளியில் அளந்து வைத்துக்கொள்ளும். சிம் கார்டு இருந்தால் உடனுக்குடன் அனுப்பும். இல்லாவிட்டால் பெட்டி போய்ச் சேர்ந்ததும் புளூடூத் வழியாகக் கைப்பேசிக்குக் கொடுக்கும்.

அந்த அளவுகள் யாருடைய சர்வரில் போய் உட்காருகின்றன என்பதுதான் அடுத்த சிக்கல். லாரி கம்பெனியின் சர்வரில் இருந்தால், தனக்குப் பாதகமான ஒரு வரியை அது திருத்தவில்லை என்று மருந்து கம்பெனி எப்படி நம்பும்?

பிளாக்செயின் இந்த இடத்தில் வருகிறது. அது சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் பொதுவான ஒரு பேரேடு. பாகப்பிரிவினைப் பத்திரத்தின் நகல் ஒவ்வொரு பங்காளியிடமும் இருப்பதுபோல, இந்தப் பேரேடும் ஒவ்வொரு தரப்பின் கணினியிலும் முழுசாக இருக்கும். ஒருவர் தன் நகலில் கை வைத்தால் மற்ற நகல்கள் காட்டிக்கொடுத்துவிடும். அதோடு, ஒவ்வொரு புதுப் பதிவுத் தொகுப்பும் தனக்கு முந்தைய தொகுப்பின் 'ஹேஷ்' எண்ணைச் சுமந்துகொண்டே வரும். எவ்வளவு பெரிய கோப்பையும் ஒரே நீளமுள்ள எண்ணாகச் சுருக்கும் கணக்குதான் ஹேஷ். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் வேறு எண் வந்துவிடும். ஆகவே பழைய பதிவு ஒன்றைத் திருத்தினால் அதற்குப் பின்னால் வந்த எல்லாமே பொருந்தாமல் போகும்.

2009-ல் பிட்காயின் என்ற டிஜிட்டல் நாணயத்தோடு அறிமுகமான முறை இது. பிட்காயினுக்கு ஆகும் அளவு மின்சாரம் இங்கே தேவையில்லை. முன்பின் தெரியாதவர்கள் யாரும் வந்து சேரலாம் என்பதால்தான் அங்கே 'மைனிங்' என்ற, மின்சாரம் தின்னும் கணக்குப் போட்டி காவலாக இருக்கிறது. சரக்குத் தொழிலில் உறுப்பினர்கள் அடையாளம் தெரிந்த கம்பெனிகள். அவர்களுக்கு மட்டும் அனுமதியுள்ள 'ஹைப்பர்லெட்ஜர் ஃபேப்ரிக்' போன்ற மென்பொருளே போதும். அதில் நாணயமும் கிடையாது, மைனிங்கும் கிடையாது.

வழியில் நடப்பது

மருந்து கொண்டுபோகும்போதும் வெப்பநிலைக் கட்டுப்பாட்டுக்குச் சான்று வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2013-ல் வழிகாட்டு நெறிகளை இறுக்கியது. அதற்குத் தீர்வாக ஸ்விட்சர்லாந்தின் மோடம் என்ற நிறுவனம் ஒரு முறையைச் சோதித்துப் பார்த்தது. பெட்டி கிளம்பும்போது அதன் பார்கோடையும் உள்ளிருக்கும் சென்சாரையும் கைப்பேசியால் ஸ்கேன் செய்து இணைக்க வேண்டும். பெட்டி போய்ச் சேர்ந்ததும் இன்னொரு கைப்பேசி சென்சாரின் அளவுகளைப் படிக்கும். எத்தரீயம் என்ற, யாரும் சேரக்கூடிய பிளாக்செயினில் ஏற்கெனவே எழுதிவைத்த ஒரு சிறு நிரல், அந்த மருந்துக்குரிய வரம்போடு ஒப்பிட்டுத் 'தேறியது' அல்லது 'தேறவில்லை' என்று பதிவு செய்யும். 'ஸ்மார்ட் கான்ட்ராக்ட்' என்பது இந்த மாதிரி நிரல்தான்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று: அத்தனை அளவுகளையும் பிளாக்செயினில் கொட்டுவதில்லை. ஐந்து நிமிடத்துக்கு ஒரு அளவு என்றால் ஒரு பெட்டிக்கே ஒரு நாளில் 288 வரி. ஆயிரம் பெட்டி என்றால் பேரேடு வீங்கிவிடும். அளவுகள் சாதாரண டேட்டாபேஸில் இருக்கும். அவற்றின் ஹேஷ் மட்டும் பிளாக்செயினில் ஏறும். பின்னால் யாராவது டேட்டாபேஸைத் திருத்தினால் ஹேஷ் ஒத்துப்போகாது, குட்டு வெளிப்பட்டுவிடும்.

பில் தகராறு தீர்ந்த கதை

வால்மார்ட்டின் கனடா கிளைக்குச் சரக்கு ஏற்றிக்கொடுத்தவை சுமார் 70 லாரி கம்பெனிகள். ஆண்டுக்கு 5 லட்சத்துக்கும் மேற்பட்ட லோடு. ஒவ்வொரு லோடின் வாடகையையும் கணக்கிட, வண்டி நின்ற இடங்கள், எரிபொருள், குளிர்பெட்டியின் வெப்பநிலை என்று சுமார் 200 விவரங்களைச் சேர்க்க வேண்டியிருந்தது. இரண்டு பக்கமும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்ததால் 70 சதவீதத்துக்கும் அதிகமான பில்களில் தகராறு. டி.எல்.டி. லேப்ஸ் என்ற நிறுவனத்தோடு சேர்ந்து பொதுப் பேரேடு ஒன்றை அமைத்து, வண்டியிலிருந்து வரும் தகவல் அதிலேயே ஏறும்படி செய்தார்கள். லோடு முடியும்போது இரு தரப்பும் ஏற்றுக்கொண்ட பில்லும் தயாராக இருந்தது. தகராறு 1 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது.

எல்லா முயற்சியும் இப்படிக் கரையேறவில்லை. கப்பல் நிறுவனமான மார்ஸ்க்கும் ஐ.பி.எம்.மும் 2018-ல் 'டிரேட்லென்ஸ்' என்ற தளத்தைத் தொடங்கின. கன்டெய்னர் பயணத்தின் ஆவணங்களும் நிகழ்வுகளும் ஒரே இடத்தில் இருக்கும் என்பது திட்டம். போட்டிக் கப்பல் நிறுவனங்கள் சிலவும் சேர்ந்தன. ஆனாலும் தொழில் முழுவதும் கைகோக்கவில்லை என்று சொல்லி, 2022 நவம்பரில் மூடுவதாக அறிவித்தார்கள். பொதுப் பேரேடு என்கிறார்கள். அதன் சொந்தக்காரர்களில் ஒருவரோ போட்டியாளர். மற்றவர்களுக்குத் தயக்கம் இருந்ததில் வியப்பில்லை.

பேரேட்டுக்குத் தெரியாதது

எழுதியதை அழிக்கவிடாமல் பாதுகாக்க பிளாக்செயினால் முடியும். எழுதியது உண்மையா என்று அதற்குத் தெரியாது. சென்சாரை மட்டும் ஃபிரிட்ஜில் வைத்துவிட்டுப் பெட்டியை வெயிலில் போட்டால், பேரேட்டில் '4 டிகிரி' என்றுதான் ஏறும். பழுதான சென்சாரின் தப்புக் கணக்கும் அப்படியே நிலைத்துவிடும். அதை அழிக்க முடியாது, திருத்தத்தை இன்னொரு பதிவாகச் சேர்க்கத்தான் முடியும்.

அதனால் பாதி வேலை பேரேட்டுக்கு வெளியே இருக்கிறது. கழற்றினால் தெரிந்துவிடும்படி சென்சாருக்கு சீல் வைக்க வேண்டும். குறித்த காலத்தில் அளவைச் சரிபார்த்துச் சான்று வாங்க வேண்டும். அளவு இந்தக் கருவியிலிருந்துதான் வந்தது என்று காட்ட, ஒவ்வொரு சென்சாரின் சிப்பிலும் ரகசியச் சாவி வைத்து டிஜிட்டல் கையெழுத்துப் போடச் செய்ய வேண்டும். பெட்டி கைமாறும்போது கொடுப்பவர், வாங்குபவர் இருவரும் ஒப்புதல் பதிய வேண்டும். இவ்வளவும் இருந்தால்தான் பெட்டி சூடானது யார் பொறுப்பில் இருந்தபோது என்று உறுதியாகச் சொல்ல முடியும்.

உங்கள் தொழிலுக்கு இது வேண்டுமா என்று பார்க்க மூன்று கேள்விகள் போதும். சரக்கு பல கம்பெனிகளின் கைமாறுகிறதா? அவர்களுக்குள் கணக்கில் அடிக்கடி தகராறு வருகிறதா? எல்லோரும் ஒத்துக்கொள்ளும் பொதுவான நடுவர் இல்லாத நிலையா? மூன்றுக்கும் 'ஆம்' என்றால் செலவு செய்து பார்க்கலாம். கிடங்கும் லாரியும் கடையும் உங்களுடையவை என்றால் நல்ல சென்சாரும் சாதாரண டேட்டாபேஸும் வாங்குங்கள். மிச்சப் பணத்தில் குளிர்பெட்டியின் ரப்பர் வளையத்தை மாற்றினால் பலன் அதிகம்.