உருட்டு, குலுக்காதே!

பெங்களூரு வைட்ஃபீல்டில் என் அக்கா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் பாட்டியின் சர்க்கரை நோய் மருந்தான இன்சுலின் புட்டி இருக்கும். ஊசி போடும் முன் பாட்டி அதை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து மெல்ல உருட்டுவார். அடியில் படிந்த வெள்ளை மேலெழுந்து, மருந்து பால்போல் ஆகும்.

"மருந்து கெட்டுப்போச்சா பாட்டி?" என்றான் அக்கா மகன்.

"இல்லடா கண்ணு, இந்த மருந்து இப்படித்தான் இருக்கணும்."

அந்த வெள்ளை என்ன தெரியுமா? பொடிப்பொடியான இன்சுலின் படிகங்கள்!

கெட்டிச் சர்க்கரைப் பாகில் நூலைத் தொங்கவிட்டால் கற்கண்டு விளையும். சர்க்கரை மூலக்கூறுகள் வரிசை பிசகாமல் அடுக்கி நிற்பதுதான் கற்கண்டு. இன்சுலின் ஒரு புரதம். புரதமும் இப்படி நிற்கும். ஆனால் எளிதில் நிற்காது. அதன் மூலக்கூறு பெரியது, மடிப்பும் சுருளும் நிறைந்தது. இன்சுலினை விஞ்ஞானி ஜான் ஏபல் 1926-இல் படிகமாக்கினார். அதற்குத் துத்தநாகம் வேண்டும் என்பது 1934-இல் தெரிந்தது. இரண்டு துத்தநாக அணுக்களைச் சுற்றி ஆறு இன்சுலின் மூலக்கூறுகள் கைகோத்து நிற்கும். இந்த அமைப்பை 1969-இல் எக்ஸ் கதிர்களால் கண்டறிந்தது டோரதி ஹாட்ஜ்கினின் ஆக்ஸ்ஃபோர்டு குழு. அதில் இருந்த எம். விஜயன், பின்னர் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிக ஆய்வை வளர்த்தார்.

இன்சுலின் ஆலையிலும் கற்கண்டு வேலைதான், பாத்திரம்தான் பெரிது. பெங்களூரின் பயோகான் நிறுவனம் 2004-இல் ஈஸ்ட் தந்த இன்சுலினை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆலையில் இன்சுலின் கரைசலின் புளிப்பை அளந்து சரிசெய்து, துத்தநாகம் சேர்த்து, நிதானமாகக் கலக்கினால் படிகம் வளரும். ஒரு மூலையில் புளிப்பு கூடினாலும், அவசரப்பட்டாலும், ஒழுங்கற்ற கட்டியாகத் திரளும். படிகம் பெரும்பாலும் தன் இனத்தையே வரிசையில் சேர்க்கும். அழுக்கு நீரோடு போய்விடும். உலர்த்தினால் நெடுநாள் கெடாது.

பாட்டியின் மருந்தில் புரோட்டமின் என்ற இன்னொரு புரதமும் படிகத்தில் சேர்ந்திருக்கிறது. அதனால் அது தோலுக்கடியில் மெல்லக் கரைந்து பல மணி நேரம் வேலை செய்யும். உருட்டாவிட்டால் ஒருநாள் மருந்து குறையும், மறுநாள் கூடும். குலுக்கினால் நுரை வந்து அளவு தவறும். (தெளிந்த இன்சுலினும் உண்டு, அது கலங்கினால் பயன்படுத்தக் கூடாது.)

புட்டி பெரியவர்கள் கையிலேயே இருக்கட்டும். நீங்கள் அம்மா அப்பா துணையோடு ஒரு கண்ணாடிக் குவளையில் கற்கண்டு விளையுங்கள். ஒரு வாரம் நூலை அசைக்காதீர்கள். அதுதான் இதில் கடினமான வேலை!