சேலை எந்த அடுக்கிலிருந்து வந்தது?

சின்னாளப்பட்டியில் ஒரு சேலைக்கடைக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். திறந்த முதல் வாரமே ஓர் அம்மாவுக்கு ஒரே சுங்குடிச் சேலை மூன்று போய்ச் சேர்ந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றுதான். ‘பையில் போடு’ பட்டனை அமுக்கியிருக்கிறார். எதுவும் நடந்த மாதிரி தெரியவில்லை. மறுபடி அமுக்கியிருக்கிறார், இன்னொரு தடவையும். மேல் மூலையில் இருந்த பை படத்தில் 0 என்பது 1, 2, 3 என்று மாறியிருக்கிறது. ஆனால் அவர் கண் விரலோடு கீழே இருந்தது. தப்பு என்னுடையது.

அன்று சாயங்காலம் கடையிலேயே உட்கார்ந்து, சேலை எடுத்துப் போடுகிறவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாவது அடுக்கிலிருந்து உருவுகிறார், கொண்டுவருகிறார், ஒரு வீச்சில் விரிக்கிறார். முந்தி நம் மடியருகே வந்து விழுகிறது. ‘அதுக்குப் பக்கத்துல பச்சையா ஒண்ணு இருந்துச்சே’ என்று கேட்டால் அவருக்கும் புரிகிறது, நமக்கும் எந்த இடம் என்று தெரிகிறது. திரையில் நான் செய்து வைத்திருந்தது வேறு. ஒரு சேலை காணாமல் போகும், அதே இடத்தில் இன்னொன்று முளைக்கும். கண்ணுக்கு வழியே விடவில்லை.

அந்த வழியைப் போட்டுக் கொடுப்பதுதான் டிரான்ஸிஷன். முன்பு கார்ட்டூன் படங்களில் முக்கியமான நிலைகளைப் பெரிய ஓவியர் வரைவார். இடையில் வரும் படங்களை உதவியாளர் வரைந்து நிரப்புவார். இங்கே அந்த உதவியாளர் வேலையை பிரவுசர் பார்க்கிறது. தொடக்கம் இது, முடிவு இது, ஆகும் நேரம் இவ்வளவு என்று, பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் மொழியில் ஒரு வரி எழுதினால் போதும். ஒரு காலத்தில் இதற்கு ஃப்ளாஷ் என்ற தனி மென்பொருள் வேண்டியிருந்தது. 2008 வாக்கில் சஃபாரி பிரவுசரில் இந்த வசதி வந்தது, பிறகு மற்றவற்றிலும் வந்தது. ஃப்ளாஷுக்கான ஆதரவை அடோபி 2020 டிசம்பர் 31-ல் நிறுத்திக்கொண்டது.

அசைந்தால் மட்டும் போதாது, எப்படி அசைகிறது என்பதும் இருக்கிறது. வடம் பிடித்து இழுத்ததும் தேர் ஒரே வேகத்தில் பாய்ந்துவிடுவதில்லை. மெல்லக் கிளம்பி, வேகமெடுத்து, நிலைக்கு வரும்போது தளர்கிறது. டிஸ்னியின் ஃப்ராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981-ல் எழுதிய புத்தகத்தில் சொன்ன 12 விதிகளில் இதுவும் ஒன்று. சிஎஸ்எஸ்ஸில் இதை நான்கு எண்களால் ஆன ஒரு வளைகோடாகக் கொடுக்கிறோம். ரெனோ கார் கம்பெனியில் காரின் உடலை வரைவதற்குப் பியர் பெசியே பயன்படுத்திய வளைகோடு அது, இன்றும் அவர் பெயரில்தான் இருக்கிறது.

கடைக்கு முதலில் செய்த மாற்றம் சின்னதுதான். பட்டனை அமுக்கியதும் சேலையின் சிறிய படம் ஒன்று 300 மில்லி நொடியில் பைக்குள் போய் விழும். வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். கடையில் வேலை செய்யும் பையனின் பழைய போனில் அது திக்கித் திக்கிப் போயிற்று. பெரும்பாலான திரைகள் நொடிக்கு 60 தடவை புதுப்பிக்கப்படுகின்றன. ஒவ்வொரு படத்துக்கும் 16 மில்லி நொடி சொச்சம்தான் கிடைக்கிறது. நானோ படத்தின் அகலத்தையும் உயரத்தையும் மாற்றிக்கொண்டிருந்தேன். நெரிசலான பஸ்ஸில் ஒருவர் நகர்ந்தால் எல்லோரும் நகர்வது போல, பிரவுசர் ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் எது எங்கே என்று திரும்பக் கணக்குப் போட வேண்டியிருந்தது. நகர்த்தவும் பெரிதாக்கவும் உதவும் டிரான்ஸ்ஃபார்ம், மங்கவும் தெளியவும் வைக்கும் ஒபாசிட்டி என்ற சிஎஸ்எஸ் வசதிகள் இரண்டும் அப்படியில்லை. பக்கத்தின் மேல் ஒரு கண்ணாடித் தாளை வைத்து அதை மட்டும் நகர்த்துகிற மாதிரி. அவற்றுக்கு மாற்றியதும் அதே போனில் வழுக்கிக்கொண்டு போனது.

அடுத்து, பட்டியலில் இருக்கும் சின்னப் படம் அப்படியே வளர்ந்து சேலையின் தனிப்பக்கமாக விரிய வேண்டும் என்று ஆசை. ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போகும்போது இதைச் செய்வது முன்பு பெரும்பாடு. ‘வியூ டிரான்ஸிஷன்’ என்ற வசதி 2023-ல் குரோமில் வந்தது. 2024-ல் தனித்தனிப் பக்கங்களுக்கு இடையிலும் வேலை செய்யத் தொடங்கியது. இரண்டு பக்கத்திலும் அனுமதி கொடுத்து, இரண்டு படத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் நடுவில் உள்ளதை பிரவுசரே பார்த்துக்கொள்கிறது. தெரியாத பிரவுசர் சத்தமில்லாமல் சாதாரணமாகப் பக்கத்தை மாற்றிவிடும். எனக்கு அரை நாள் அது அசையவே இல்லை. பட்டியலில் இருந்த 40 சேலைக்கும் ஒரே பெயரை வைத்திருந்தேன். ஒரு பக்கத்தில் ஒரு பெயர் ஒன்றுக்குத்தான் இருக்கலாம்.

அது சரியானதும் எனக்குக் கை நிற்கவில்லை. விரலால் தள்ளத் தள்ளச் சேலைகள் இரண்டு பக்கமிருந்தும் மிதந்து வரும்படி செய்தேன். கடைக்காரரின் அம்மா போனை வாங்கிப் பார்த்தார். இரண்டு நிமிஷத்தில் கீழே வைத்துவிட்டார்.

“எல்லாம் ஆடுது தாயி, கண்ணைக் கட்டிக்கிட்டு வருது.”

காதின் உள்பகுதிதான் நம் சமநிலையைக் காக்கிறது. நகர்கிறோம் என்று கண் சொல்லும்போது இல்லை என்று காது சொன்னால், சிலருக்குத் தலை சுற்றும், குமட்டும். 2013-ல் ஐபோனின் புதிய திரை அசைவுகள் பலருக்கு இதையே செய்தன. அசைவைக் குறைக்கும் தேர்வு இன்று ஐபோன், ஆண்ட்ராய்டு இரண்டிலும் இருக்கிறது. அதை ஒருவர் போட்டு வைத்திருக்கிறாரா என்று வெப்சைட்டே தெரிந்துகொள்ள முடியும். 2017-லிருந்து பிரவுசர்களில் இதற்கு வழி வந்துவிட்டது. எழுத வேண்டியது நாலைந்து வரி. அந்த நாலைந்து வரியை எழுதாமல் எந்தத் தளத்தையும் நான் இப்போது ஒப்படைப்பதில்லை.

மிதப்பதை முழுக்க எடுத்துவிட்டேன். கடைக்காரரின் அம்மாவின் போனில் அந்த அமைப்பையும் போட்டுக் கொடுத்தேன். அவருக்குச் சேலை பைக்குள் பறப்பதில்லை; படம் மெல்லத் தெளிகிறது, அமுக்கிய பட்டனிலேயே ‘பையில் இருக்கு’ என்று எழுத்து மாறுகிறது. போன வாரம் தங்கச்சிக்கு என்று அரக்குக் கலரில் ஒன்றை அவரே எடுத்தார்.

“ஒண்ணுதானே போட்டிருக்கேன்?”

“ஒண்ணுதான் ஆத்தா.”