செய்யாறு பிறக்கும் மலையில் மூன்று நாள் நடை

ஆயுத பூசைக்கு மறுநாள் விடியற்காலையில் ஒரகடம் கூட்ரோட்டில் பஸ் ஏறினோம். முந்தின நாள் உடைத்த பூசணிக்காய் கம்பெனி வாசல்களில் அப்படியே கிடந்தது. நாங்கள் நான்கு பேர். என்னோடு வந்த மூன்று தம்பிகளும் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவர்கள், மூவருமே உழவர் வீட்டுப் பிள்ளைகள். ஒருவர் மெயின்டனன்ஸ் பிரிவில் இருக்கிறார். இன்னொருவர் கிடங்கில் போர்க்லிப்ட் ஓட்டுகிறார். மூன்றாமவருக்குக் காண்ட்ராக்ட் முடிந்து அன்றோடு இருபது நாள்.

இந்தப் பயணத்துக்கு விதை போட்டது நம் மாதக் கூட்டத்தில் எழுந்த ஒரு கேள்விதான். "அண்ணா, சாமைய அரிசியா பாத்திருக்கேன். பயிரா பாத்ததே இல்ல. எப்டி இருக்கும்?" என்று காண்ட்ராக்ட் முடிந்த தம்பி கேட்டார். சிறுதானியத்தைப் பற்றி மேடையில் மணிக்கணக்கில் பேசுகிறோம், ஆனால் நம் பிள்ளைகள் அதன் கதிரைக் கண்ணால் பார்த்ததில்லை. எனக்குக் கூச்சமாகிவிட்டது. "ஜவ்வாதுமலைக்குப் போவோம், நடந்தே பாப்போம்" என்றேன்.

வழிகாட்டி வைத்துக்கொள்ளவில்லை. வெளிநாடுகளில் இப்படித் தாமாகவே மலை நடப்பதை ஒரு தொழிலாகவே நடத்துகிறார்கள். வரைபடத்தைக் கையில் கொடுத்துவிடுவார்கள், மூட்டை வண்டியில் அடுத்த விடுதிக்குப் போய்விடும், ஆள் கைவீசி நடந்து போனால் போதும். நமக்கும் நடை புதிதல்ல. பழனிக்கு நாள்கணக்கில் நடக்கிறோம், திருவண்ணாமலையை 14 கிலோமீட்டர் சுற்றி வருகிறோம். நம்மாழ்வார் ஐயா ஊர் ஊராக நடந்துதான் இந்த இயக்கத்தை வளர்த்தார். சாமி கும்பிடவோ கோரிக்கை வைக்கவோ இல்லாமல், சும்மா பயிரையும் ஊரையும் பார்க்க நடப்பதுதான் நமக்குப் பழக்கமில்லாதது.

வாலாஜாபாத், காஞ்சிபுரம் தாண்டிப் பாலாற்றுப் பாலத்தில் பஸ் ஏறியது. கீழே மணல் அள்ளிய பள்ளங்கள், சீமைக்கருவேலம், நடுவில் ஒரு கயிறு போலத் தண்ணீர். ஜவ்வாதுமலையில் பிறக்கும் செய்யாறு பாலாற்றோடு சேருவது வாலாஜாபாத்துக்குத் தெற்கே திருமுக்கூடலில். வேகவதியும் அங்கேதான் வந்து கலக்கிறது. அந்த ஊர்ப் பெருமாள் கோயிலில் வீரராஜேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உண்டு. 11-ம் நூற்றாண்டிலேயே அங்கே 15 படுக்கையோடு ஒரு ஆதுலர் சாலையும் மாணவர்கள் தங்கிப் படிக்கும் இடமும் நடந்ததாக அது சொல்கிறது. ஆற்றை நம்பித்தான் அதெல்லாம் நடந்திருக்கும். ஒரகடத்திலிருந்து முக்கால் மணி நேரப் பயணம்தான். தம்பிகள் யாரும் போனதில்லை.

செய்யாறு பக்கம் பஸ் போகும்போது மேல்மா பற்றிப் பேச்சு வந்தது. நம் வாசகர்களுக்குத் தெரிந்த கதைதான். சிப்காட் விரிவாக்கத்துக்கு விளைநிலம் தரமாட்டோம் என்று 2023-ல் போராடிய உழவர்களில் ஏழு பேர் மீது குண்டர் சட்டம் போட்டார்கள். எதிர்ப்பு கிளம்பிய பிறகு ஆறு பேர் மீது போட்டதைத் திரும்பப் பெற்றார்கள். பரந்தூரில் ஏகனாபுரம் மக்கள் 2022-லிருந்து உட்கார்ந்திருக்கிறார்கள். "நம்ம ஊர்ல யாரும் உக்காரவே இல்லியேண்ணா" என்றார் போர்க்லிப்ட் தம்பி. இருங்காட்டுக்கோட்டைக்கு 1996-ல் கார் கம்பெனி வந்தபோது இவர் பிறக்கவே இல்லை.

போளூரில் இறங்கி ஜமுனாமரத்தூர் பஸ் மாறினோம். வளைவுகள் ஏற ஏறக் காதடைத்தது. ஊர் வந்ததும் டீ குடித்துவிட்டு நடக்கத் தொடங்கினோம்.

நடைக்கு நாங்கள் வைத்துக்கொண்ட விதி ஒன்றுதான்: ஊரிலிருந்து ஊருக்குப் போகும் பாதையிலேயே நடப்பது, காப்புக்காட்டுக்குள் கால் வைப்பதில்லை. 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் இறந்ததை மறக்க முடியாது. காட்டுக்குள் நடக்க வேண்டுமென்றால் வனத்துறையிடம் அனுமதி வாங்கித்தான் ஆக வேண்டும். ஊர்ப்பாதையே போதும் என்பது என் கருத்து. உழவனுக்குப் பார்க்க வேண்டியதெல்லாம் அங்கேதான் இருக்கிறது.

பெயர்ப்பலகை கிடையாது. பல இடங்களில் செல்போனில் சிக்னலும் இல்லை. வழி கேட்டுக் கேட்டுத்தான் போக வேண்டும். "தோ, அந்தப் பலாமரம் தெரியுதா, அங்கேர்ந்து சோத்தாங்கைப் பக்கம்" என்பார்கள். அந்தப் பலாமரத்துக்குப் போனால் இன்னும் நாலு பலாமரம் நிற்கும். முதல் நாள் இரண்டு முறை தவறான சரிவில் இறங்கி ஏறினோம். அதனால் நஷ்டமில்லை. அப்படி வழி தவறிய இடத்தில்தான் சாமையை முதலில் பார்த்தோம்.

சரிவு முழுக்க இடுப்பளவு உயரத்தில் கதிர் தலைசாய்ந்து நின்றது. பழுப்பும் பச்சையும் கலந்த நிறம். ஓரத்தில் பேயெள்ளு மஞ்சளாகப் பூத்திருந்தது. ஊடே துவரை, வேலியில் அவரை. காண்ட்ராக்ட் தம்பி ஒரு கதிரைக் கையில் ஏந்திப் பார்த்தார். "இவ்ளோ பொடியா? இத எப்டிண்ணா அரிசியாக்குறாங்க?"

அந்தக் கேள்விக்குப் பதில் மறுநாள் கிடைத்தது. ஒரு ஊரில் அறுப்பு நடந்துகொண்டிருந்தது. கேட்டுக்கொண்டு நாங்களும் இறங்கினோம். ஒரு ஆயாதான் அங்கே எல்லோருக்கும் மேஸ்திரி. போர்க்லிப்ட் தம்பி பத்து நிமிடத்தில் விரலை அறுத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டார். காண்ட்ராக்ட் தம்பி மட்டும் நிமிராமல் அறுத்தார். "அம்மாகூட நெல்லு அறுத்திருக்கேன் ஆயா" என்றார். அறுத்த கதிரைப் பாறையில் காயவைத்து, அந்தப் பாறையையே களமாக்கி அடிக்கிறார்கள். மண் கலக்காது. பக்கத்து வீட்டார் இன்று இங்கே வந்தால், நாளை இவர்கள் அங்கே போவார்கள். கூலிக் கணக்கு இல்லை.

அரிசியாக்குவதுதான் பெரும்பாடு. சாமையின் உமி கெட்டியானது. உரலில் குத்திப் புடைத்து, மறுபடி குத்த வேண்டும். 100 கிலோ தானியத்துக்கு 60 கிலோ சுற்றி அரிசி நிற்கும். குத்தப் பெண்களுக்கு நேரமும் உடம்பும் இடம் கொடுக்காததால் பலர் அறுத்த கையோடு தானியமாகவே வியாபாரியிடம் போட்டுவிட்டு, ரேஷன் அரிசி பொங்குகிறார்கள். சென்னைக் கடைகளில் நாம் கொடுக்கும் விலையில் பெரும்பங்கு அந்த உமிக்கும் அரிசிக்கும் நடுவில்தான் போகிறது. ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர் உற்பத்தியாளர் கம்பெனி ஒன்று நடக்கிறது. அது போன்றவை வளர்ந்தால் நிலைமை மாறும். ஆனால் ஒவ்வொரு ஊரிலிருந்தும் மூட்டையை அங்கே கொண்டு சேர்ப்பதே ஒரு செலவு.

அந்த ஊரிலும் ஒரு கொட்டகையில் உமி நீக்கும் மிஷின் இருந்தது. ஒரு வருடமாக ஓடவில்லையாம். மெயின்டனன்ஸ் தம்பி குனிந்து கையால் சுற்றிப் பார்த்தார், காது வைத்துக் கேட்டார். "பேரிங் போயிருக்குண்ணா. 6204. வெல அதிகமில்ல. பெல்ட்டும் தளர்ந்துபோச்சு." ஒரு வருடமாக ஊரே குத்திக்கொண்டிருந்தது இந்த ஒரு வளையத்துக்காக! ஊருக்குத் திரும்பியதும் தீபாவளிக்கு முன்னாலேயே வாங்கிக்கொண்டு அவரே மறுபடி போய் மாட்டிவிட்டு வந்தார். இயந்திரத்தைத் திட்டியே எழுதிப் பழகிய என் கை இதை எழுதவும் கடமைப்பட்டிருக்கிறது.

மத்தியானம் ஆயா வீட்டில் சாமைச்சோறு, அவரைக்கொட்டைக் குழம்பு. எந்த ஊர் என்று கேட்டார். ஒரகடம் பக்கம் என்றோம்.

"ஒரகடமா? எம் பேத்தி அங்கதான் போன் கம்பெனில இருக்குது. ஆஸ்டல்ல தங்கிக்கினு வேல செய்யுது. நீங்க பாத்திருக்கீங்களா?"

அந்தக் கம்பெனிகளில் எத்தனை ஆயிரம் பெண்கள் என்று ஆயாவிடம் எப்படிச் சொல்வது? "பாத்தா சொல்றோம் ஆயா" என்றார் போர்க்லிப்ட் தம்பி.

இந்த மலைக்கும் காஞ்சிக்கும் உறவு பழசு. எட்கர் தர்ஸ்டன் 1909-ல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்கள் பற்றிய தொகுப்பில் ஜவ்வாதுமலை மலையாளி மக்களின் கதை ஒன்று இருக்கிறது. கங்குந்தி வேடர்கள் காஞ்சிபுரத்து வேளாளரிடம் பெண் கேட்டார்களாம். மறுத்ததும் ஏழு பெண்களைத் தூக்கிப் போய்விட்டார்களாம். மீட்க ஏழு ஆண்கள் ஏழு நாய்களோடு கிளம்பினார்கள். நாய்கள் தனியே திரும்பினால் நாங்கள் செத்தோம் என்று வைத்துக்கொள்ளுங்கள் என்று மனைவிமாரிடம் சொல்லிவிட்டுப் போனார்கள். பாலாற்றில் வெள்ளம். ஆண்கள் நீந்திக் கரையேறினார்கள், நாய்கள் பாதியில் திரும்பிவிட்டன. வீட்டில் கருமாதி முடிந்துவிட்டது. பெண்களை மீட்டுக்கொண்டு திரும்பியவர்களை ஊர் சேர்க்கவில்லை. அவர்கள் வேடர் பெண்களை மணந்து இந்த மலையேறிப் பயிர் செய்தார்களாம்.

இதை ஆயாவிடம் சொன்னேன். "காஞ்சிபுரத்துலேர்ந்து வந்தோம்னு பெரியவங்க சொல்வாங்க. நாய்க் கதையெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா" என்றார். சிறிது நேரம் கழித்து, "அந்த ஆத்துல அவ்ளோ தண்ணி போச்சா?" என்று கேட்டார்.

ஆயாவின் மகன் அதிகம் பேசாதவர். மழை தவறினால் எஸ்டேட் வேலைக்குப் போவதாகச் சொன்னார். ஆந்திராவுக்கு மரம் வெட்ட ஆள் கூப்பிட வருவதும் உண்டு. 2015 ஏப்ரல் 7-ல் சேஷாசலம் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 தமிழ்த் தொழிலாளர்களில் இந்த மலைக்காரர்களும் உண்டு. சாமைக்கு நல்ல விலை என்று நாம் பேசும்போது, இதையும் சேர்த்துத்தான் பேச வேண்டும்.

இரவு திண்ணையில் படுத்தோம். காண்ட்ராக்ட் தம்பிக்குத் தூக்கம் வரவில்லை. அப்போதுதான் விஷயத்தைச் சொன்னார். வீட்டில் மிச்சம் இருப்பது ஒரு ஏக்கர் இருபது சென்ட். ஏரிப்பாசனக் கழனி. வாய்க்காலை மேலே லே-அவுட்காரர்கள் மூடிவிட்டதால் மூன்று வருடமாகத் தரிசு. திங்கட்கிழமை புரோக்கர் அட்வான்ஸ் கொண்டுவருகிறார். அப்பா ஒத்துக்கொண்டாயிற்று. "எனக்கு வேல இருந்தா அவர் விக்கமாட்டார்ணா."

நான் ஒன்றும் சொல்லவில்லை. விற்காதே என்று சொல்வது எனக்குச் சுலபம். கடன் அவர்கள் வீட்டில் இருக்கிறது.

காலையில் ஆயாவிடம் அவரே கேட்டார், தண்ணீர் இல்லாத கழனியில் சாமை வருமா என்று. "தண்ணி இல்லன்னாதான்டா சாமை. மழத்தண்ணியே போதும்." அது மலைச்சரிவுக்குச் சரி, நம் பக்கத்துக் களிமண்ணுக்கு அப்படியே பொருந்தாது என்று நடந்துகொண்டே சொன்னேன். சாமை ஈரம் தாங்கும் பயிர்தான். ஆனால் ஐப்பசி அடைமழையில் கதிர் சாய்ந்தால் போச்சு. ஆடி பிறந்ததும் விதைத்து, புரட்டாசி முடியுமுன் அறுத்துவிட வேண்டும். மலை ரகங்களில் சில அதைவிட நாள் இழுக்கும். அத்தியந்தல் சிறுதானிய மையத்து ஏ.டி.எல். 1 போல 85, 90 நாளில் வருவது நம் பட்டத்துக்குப் பொருந்தும். தூவி விதைத்தால் ஏக்கருக்கு 5 கிலோ போதும். களை ஒரு முறை எடுத்தால் நல்லது. வருமானம் நெல்லைவிடக் கூடும் என்று நான் சொல்லவில்லை. செலவு குறையும், அவ்வளவுதான். அவர் எல்லாவற்றையும் போனில் பதிந்துகொண்டார்.

மூன்றாம் நாள் காவலூர் வரை நடை. வழியெல்லாம் சீத்தாப்பழம். வைணு பாப்பு வானாய்வு நிலையம் அங்கே இருக்கிறது. 1986-ல் திறந்த 2.3 மீட்டர் தொலைநோக்கி இங்கேதான் உள்ளது. யுரேனஸ் கோளைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-ல் பதிவு செய்த இடங்களில் காவலூரும் ஒன்று. சனிக்கிழமைகளில் பொதுமக்களை விடுவது வழக்கம், போகிறவர்கள் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் போனபோது மேகம். ஆனால் முந்தின இரவு ஆயா வீட்டுத் திண்ணையிலிருந்து பார்த்ததே போதும். "நம்ம ஊர்ல ராத்திரியே கெடையாதுண்ணா" என்றார் போர்க்லிப்ட் தம்பி. கம்பெனி விளக்குகளின் கீழே வளர்ந்தவர் சொல்வது.

போக நினைப்பவர்களுக்கு: புரட்டாசி கடைசியிலிருந்து தை வரை நல்ல பருவம், மழை நாளை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். நான்கு பேருக்கு மேல் போகாதீர்கள், ஒரு வீட்டுச் சோற்றுக்கு அதுதான் அளவு. காசு கொடுத்தால் சிலர் வாங்க மாட்டார்கள். அங்கே விளைந்ததை மூட்டையாக வாங்கி வாருங்கள். பாட்டில் தண்ணீர், பாட்டில் சரக்கு இரண்டும் வேண்டாம்.

இரவு ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டில் வாணியம்பாடி வண்டிக்குக் காத்திருந்தோம். வாணியம்பாடி போனால் பெங்களூர் ரோட்டில் நேராக ஸ்ரீபெரும்புதூர். காண்ட்ராக்ட் தம்பி தள்ளிப் போய் நின்று அப்பாவிடம் பேசிக்கொண்டிருந்தார். தோளில் ஆயா கொடுத்த சாமைப் பை.

"திங்கக்கெழம வரவேணாம்னு சொல்லுப்பா... இல்ல, விக்க வேணாம்னு சொல்லல. மொதல்ல வாய்க்கால் மேட்டருக்கு தாலுக்கா ஆபீசுல ஒரு மனு குடுப்போம். ஒரு ஆடி பாப்போம்... கடனா? தெரியும்பா. வந்து பேசிக்கலாம்."

வண்டி வந்தது. நின்றபடியே வாணியம்பாடி வரை போனோம்.