கணக்கு யார் வீட்டில் இருந்தது?

நாற்பத்தைந்து வருடங்களுக்கு முன்பு வரை தமிழ்நாட்டுக் கிராமத்துக்கு அரசாங்கம் என்றால் மூன்றே பேர்தான். கிஸ்தி வசூலிக்க மணியக்காரர். இவரைத் தஞ்சாவூர்ப் பக்கம் பட்டாமணியார் என்பார்கள், வேறு ஊர்களில் முன்சீப். கணக்கு எழுதக் கர்ணம். ஏவிய வேலைக்குத் தலையாரி. கலெக்டரைக் கண்ணால் பார்க்காமலே ஆயுசு முடிந்தவர்கள் ஊரில் நிறையப் பேர். கர்ணத்திடம் போய் நிற்காமல் காலம் தள்ளிய சம்சாரி ஒருவரும் கிடையாது.

ஊர்க் கணக்கு கர்ணம் வீட்டிலேயே இருந்தது. எந்த சர்வே நம்பரில் யார் என்ன பயிர் வைத்தார் என்று சொல்லும் அடங்கல், யார் பெயரில் எவ்வளவு நிலம் என்று சொல்லும் சிட்டா, எது ஏரி, எது மேய்ச்சல் புறம்போக்கு, எது மயானம் என்று சொல்லும் ‘அ’ பதிவேடு எல்லாம் அவர் பெட்டிக்குள். அடங்கலில் அனுபவதாரர் பெயரை மாற்றி ஒரு வரி எழுதினால் போதும், அண்ணன் தம்பி இரண்டு தலைமுறைக்குக் கோர்ட்டுக்கு அலைவார்கள். அதனால்தான் அறுவடையானதும் ஒரு மரக்கால் நெல்லும், தோட்டத்து முதல் வாழைத்தாரும் அந்த வீட்டுக்குப் போயின. நிலம் உள்ளவர் திண்ணை ஓரத்தில் உட்காரலாம். சேரியிலிருந்து வந்தவர் தெருவில் நின்றபடிதான் பேச வேண்டும். 1892-ல் ஆங்கில அரசு தாழ்த்தப்பட்ட மக்களுக்கென ஒதுக்கிய பஞ்சமி நிலம் தன் ஊரில் எங்கே இருக்கிறது என்று கேட்க வேண்டியவரும் அதே தெருவில்தான் நின்றார்.

இந்த வேலை அப்பனுக்குப் பின் பிள்ளைக்கு வந்தது. 1895-ம் வருடத்து சென்னை மாகாணச் சட்டமே அப்படித்தான் சொன்னது. அரசு உத்தியோகத்தைப் பிறப்பை வைத்துக் கொடுப்பது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று 1960-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குண்டூர் மாவட்டத்து முன்சீப் பதவி ஒன்றைப் பற்றிய வழக்கு அது. தீர்ப்பு வந்த பிறகும் நாற்காலியில் பெரும்பாலும் அதே குடும்பங்கள்தான். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து அந்தப் பதவிகளையே ஒழித்தது. சுமார் 23,000 பேருக்கு ஒரே நாளில் வேலை போயிற்று. வழக்குப் போட்டார்கள், 1982-ல் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்த இடத்துக்குக் கிராம நிர்வாக அலுவலர், அதாவது வி.ஏ.ஓ. வந்தார். தேர்வு எழுதி ஜெயித்தால் எந்தச் சாதிக்காரரும் வரலாம், பெண்ணும் வரலாம் என்றானது. ஊர்க்காரர் அல்லாத ஒருவர் ஊர்க் கணக்கைக் கையில் எடுத்ததும் அப்போதுதான்.

இன்று அந்தக் கணக்குக்குப் பூட்டில்லை. மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே எண் கொடுத்தால் பட்டா செல்போனில் தெரிகிறது. ‘அ’ பதிவேட்டையும் பார்க்கலாம், ஓர் இடம் புறம்போக்கா என்றும் சரிபார்க்கலாம். தகவல் உரிமைக்குச் சட்டம் போட்ட முதல் மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. விதிவிலக்குகள் மலிந்த சட்டம்தான், ஆனாலும் ஆரம்பம் அது. 2005-ன் மத்தியச் சட்டம் வந்தபின் பத்து ரூபாய் கட்டணத்தில் யாரும் கேட்கலாம், முப்பது நாளில் பதில் தர வேண்டும்.

பார்ப்பது சுலபமானது போலத் திருத்துவது சுலபமாகவில்லை. 1979-ல் தொடங்கிய யு.டி.ஆர். நில உடைமைப் பதிவு மேம்பாட்டில் ஏறிய தப்புகள் இன்னும் தீரவில்லை. கந்தசாமி, கந்தன் ஆகியிருப்பார். பக்கத்துக் காட்டுக்காரரின் உட்பிரிவு இவர் பட்டாவில் ஏறியிருக்கும். கம்ப்யூட்டர் அந்தத் தப்பை அப்படியே அழகாக அச்சடித்துக் கொடுக்கிறது. திருத்த வேண்டுமென்றால் தாலுகா ஆபீஸ், கோட்டாட்சியர் ஆபீஸ், சர்வேயர் என்று நடைதான். வாரிசுச் சான்றுக்கு இ-சேவை மையத்தில் நிற்கும் பாட்டியிடம் ஓ.டி.பி. கேட்கிறார்கள். எண் வந்து விழும் போன் திருப்பூரில் வேலை பார்க்கும் பேரன் கையில் இருக்கிறது. பாஸ்வேர்டு தெரிந்த பிரவுசிங் சென்டர் பையன்தான் அவளுக்கு இன்றைய கர்ணம்.

இதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று உண்டு. வருடா வருடம் பசலி என்னும் வருவாய் ஆண்டு முடியும் முன் தாலுகா ஆபீசில் ஜமாபந்தி நடக்கிறது. கிராமக் கணக்கைத் தணிக்கை செய்ய வெள்ளைக்காரன் காலத்தில் வந்த ஏற்பாடு அது. இன்று அங்கே நீளும் மனுக்களைப் பாருங்கள்: என் பட்டா, என் வீட்டுமனை, என் முதியோர் பென்ஷன். கேட்க வேண்டியவைதான், தவறில்லை. எங்கள் ஏரி பதிவேட்டில் எத்தனை ஏக்கர், தரையில் எத்தனை மிச்சம் என்று கேட்கும் மனு அரிது. அன்று ஊர்ப் பொதுநிலத்தைக் கேட்க ஆளுக்கு உரிமை இல்லை. இன்று உரிமை இருக்கிறது, கேட்கிற ஆள் குறைவு. ஆளுக்கொரு விண்ணப்ப எண்ணோடு நாம் பயனாளிகளாகிவிட்டோம். ஊர்க்காரர்களாக ஒன்றுசேர்ந்து போய் நிற்பது குறைந்துவிட்டது.

நிற்க இடம் இல்லாமல் இல்லை. 1994-ம் வருட ஊராட்சிகள் சட்டம் தந்த கிராம சபை, ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்தில் ஆறு முறை கூட வேண்டும். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வந்தால்தான் கோரம். பல இடங்களில் நூறு நாள் வேலைக்கு வந்தவர்களை அழைத்து உட்கார வைத்துத்தான் கையெழுத்துக் கணக்கு நிரம்புகிறது. 2016 முதல் 2019 வரை உள்ளாட்சித் தேர்தலே நடக்காமல் தனி அலுவலர்கள் ஆண்டபோது, வராதவர்களுக்கு ஒரு நியாயமும் கிடைத்தது.

ஆனாலும் அடுத்த சபைக்குப் போகிறவருக்கு ஒரு யோசனை. முந்தின நாள் ராத்திரி உங்கள் ஊர் ஏரியின் சர்வே எண்ணைத் தட்டிப் பரப்பைக் குறித்துக்கொள்ளுங்கள். மறுநாள் எழுந்து நின்று, இந்தப் பரப்பை அளந்து கல் நட வேண்டும் என்று சொல்லுங்கள். பக்கத்தில் இருக்கும் பத்துப் பேரும் ஆமாம் என்று சொல்லட்டும். தீர்மான நோட்டில் அது ஏறும்வரை உட்கார வேண்டாம். கர்ணம் வீட்டுத் தெருவில் நின்றவருக்கு இந்த ஒன்றைத்தான் யாரும் கொடுக்கவில்லை.