குச்சிக்கிழங்கா, காடா?

சங்கராபுரம் வாசகர் ஒருவர் கேட்கிறார்: "கல்வராயன் மலையில் காடு குறைந்து குச்சிக்கிழங்கு கூடிவிட்டது என்று செயற்கைக்கோள் படம் போடுகிறார்களே சார், அத்தனை உயரத்திலிருந்து இரண்டுக்கும் வித்தியாசம் தெரியுமா?"

ஒரே படத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் தெரியாது.

இங்கே சாட்சி சொல்வது பச்சை நிறமல்ல. கண்ணுக்குத் தெரியாத அண்மை அகச்சிவப்பு ஒளி. பச்சையம் சிவப்பை விழுங்கிவிடும், அகச்சிவப்பைத் தொடாது. தப்பிய ஒளி இலையின் பஞ்சுத்திசுவுக்குள் போகிறது. இட்லியைப் பிட்டுப் பாருங்கள், அதே அமைப்பு: எங்கும் காற்றறைகள். ஈரச் சுவர், காற்று, மறுபடி சுவர் என்று தாவும்போதெல்லாம் ஒளி திசைமாறி, கிட்டத்தட்டப் பாதி மேலேயே திரும்பிவிடுகிறது. இட்லி வெளுப்பாக இருப்பதும் இதனால்தான். இலையின் காற்றறைகளில் தண்ணீரை ஏற்றினால் இந்தப் பிரதிபலிப்பு மங்கும், சாம்பாரில் ஊறிய இட்லி மாதிரி. (சாம்பாருக்கே நிறம் உண்டே என்பீர்கள். இட்லியை வெந்நீரில் ஊறப்போட எனக்கு மனம் வரவில்லை.)

சிவப்பு குறைந்து அகச்சிவப்பு கூடினால் அங்கே தழை உண்டு, அவ்வளவுதான். செழித்த மரவள்ளியும் (அதாவது குச்சிக்கிழங்கும்) மரமும் இந்த ஒப்பீட்டில் ஏறத்தாழ ஒரே எண்ணைக் கொடுத்துவிடும். சென்டினல்-2 செயற்கைக்கோள் படத்தில் ஒரு கட்டம் பத்து மீட்டர், அதாவது இரண்டரை சென்ட். அதற்குள் வரப்பு, பாறை, ஒரு புளியமரம் எல்லாம் ஒரே எண்ணாகக் கரைந்துவிடும்.

பிரித்துக் காட்டுவது காலம். மரவள்ளி ஏறக்குறைய பத்து மாதப் பயிர். பிடுங்கியதும் வெறும் மண். அடிவாரத்து இலையுதிர் காடோ பங்குனியில் மொட்டையாகி மழைக்குத் துளிர்க்கும், ஆண்டுதோறும். ஓர் ஆண்டின் மார்கழிப் படத்தையும் இன்னோர் ஆண்டின் பங்குனிப் படத்தையும் பக்கத்தில் வைத்தால், ஒரு மரமும் வெட்டாமலே காடு அழிந்துவிடும்.

வாசகருக்கு வரலாறும் வேண்டுமாம்: 1972இல் முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோள், 1988இல் நம் ஐஆர்எஸ்-1ஏ. 2008இல் லேண்ட்சாட் படங்கள் இலவசமானதும் ஆளுக்கொரு வரைபடம் போடத் தொடங்கினார்கள்.

"85 சதவீதத் துல்லியம்" என்பார்கள். ஒப்பிடும் இரண்டு வரைபடங்களின் பிழைகளும் ஒன்றையொன்று சாராதவை என்றால், இரண்டிலுமே ஓர் இடம் சரியாக இருக்க வாய்ப்பு 72 சதவீதம்தான்.

"காடு கூடியது" என்ற செய்தியிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இந்திய வன ஆய்வு நிறுவனத்தின் கணக்கில் ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் மரக்கவிகை பத்து சதவீதத்தைத் தாண்டினால் அது வனப்பரப்பு. யார் நிலம், என்ன மரம் என்று பார்ப்பதில்லை. இரண்டரை ஏக்கரில் தென்னந்தோப்பு வைத்திருக்கிறீர்களா? அதுவும் வனம்தான்.