வேலியோரத்து மூலிகையும் வீட்டுக் கஷாயமும்

ஐப்பசி மழை பிடித்து ஊரெங்கும் சளியும் இருமலும் பரவியதும், வேலியில் படர்ந்த தூதுவளையையும் வாய்க்கால் கரையில் தழைத்த ஆடாதோடையையும் பறித்து வந்து, மிளகும் திப்பிலியும் தட்டிப் போட்டுக் கஷாயம் வைத்துக் கொடுப்பது தமிழ்நாட்டுக் குடும்பங்களில் தலைமுறைகளாக வந்த சம்பிரதாயம். அதை மூடப் பழக்கமென்று தள்ளிவிடுவது நியாயமன்று; ஆடாதோடை இலையிலுள்ள வாசிசின் என்னும் சத்தை ஆதாரமாகக் கொண்டே, ஆங்கில வைத்தியர்கள் சளியை இளக்க எழுதிக்கொடுக்கும் புரோம்ஹெக்சின் உருவாயிற்று. 2025-ஆம் ஆண்டில், காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்தொன்றில் டைஎதிலீன் கிளைக்கால் என்னும் விஷம் கலந்திருந்து, மத்தியப் பிரதேசத்துக் குழந்தைகள் பலர் சிறுநீரகம் பழுதுபட்டு மாண்டதைக் கேட்ட பெற்றோர், கடைமருந்தை அஞ்சிக் கஷாயத்தின் பக்கம் திரும்புவதிலும் வியப்பில்லை. ஆயினும், மூலிகை மட்டும் நம் கைக்கு வந்து, அதைக் காத்து நின்ற முன்னோர் விவேகம் உடன் வராமற் போயின், அந்தக் கஷாயமும் அபாயமாகிவிடும்.

முதலில் செடியின் அடையாளம். இருமலுக்குப் பேர்போன கண்டங்கத்திரி வளரும் தரிசுநிலத்திலேயே பிரமதண்டும் வளர்கிறது. இரண்டிலும் முள்ளும் வெளிறிய இலைநரம்பும் உண்டாகையால், பூக்காத பருவத்தில் பழகாத கண் மயங்கக்கூடும். கண்டங்கத்திரி தரையோடு படர்ந்து ஊதாப் பூப் பூக்கும். பிரமதண்டு நிமிர்ந்து நின்று மஞ்சள் பூப் பூக்கும், அதன் தண்டை ஒடித்தால் மஞ்சள் நிறப் பால் வடியும். இந்தப் பிரமதண்டின் விதையெண்ணெய் கடுகெண்ணெயில் கலந்த காரணத்தாலேயே 1998-ஆம் ஆண்டில் டில்லியில் பலர் உடல் வீங்கி உயிரிழந்தனர். இரைப்புக்கு ஊமத்தை இலையைப் புகைத்த பழைய வழக்கத்தை எங்கோ கேள்விப்பட்டு, அந்த இலையைக் கஷாயத்தில் இடுவோரும் உண்டென்றால் அவர்களை மன்றாடித் தடுக்கவேண்டும். கண்மணி விரிந்து, நா வறண்டு, பிதற்றல் கண்டு, உயிருக்கே மோசம் நேரலாம். படத்தை மட்டும் பார்த்து அடையாளம் காண்பது போதாது. தாலுகா மருத்துவமனைகளிலும் பல ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் உள்ள சித்த வைத்தியரிடம் பூவும் காயும் கூடிய கிளையைக் காட்டிக் கேட்பதே உசிதம்.

செடி சரியானதாயினும் இடம் சரியாயிருக்க வேண்டும். நெடுஞ்சாலையோரத்து இலையில் படியும் ஈயம் கொதிக்கவைப்பதால் நீங்காது. பூச்சிமருந்து தெளித்த வயல் வரப்பும், சாக்கடை பாயும் புறம்போக்கும் பறிப்பதற்கு ஏற்றவையல்ல. வனத்துறையின் காப்புக்காட்டில் அனுமதியின்றிப் பறிப்பது குற்றம். ஆனால், காட்டையே வாழ்வாகக் கொண்ட பழங்குடி மக்களுக்கு மூலிகை முதலிய சிறுவனப் பொருள்களைச் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கீகரித்திருக்கிறது.

காய்ச்சிய கஷாயத்தைப் புட்டியில் நிரப்பி வாரக்கணக்கில் வைப்பவர்கள், சித்த வைத்திய மரபில் குடிநீர் எனப்படும் கஷாயத்துக்கு விதிக்கப்பட்ட ஆயுள் 3 மணி நேரமே என்பதை அறியவேண்டும். ஆடாதோடை கருப்பையைச் சுருங்கத் தூண்டும் தன்மையுடையது என்பதால் கர்ப்பிணிகளுக்கு ஆகாது. அதிமதுரத்தைத் தொடர்ந்து உட்கொண்டால் ரத்த அழுத்தம் ஏறும். 1 வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் நாவில் தடவுவதும் கூடாது. அதிலிருக்கக்கூடிய ஒருவகைக் கிருமிவித்து பிஞ்சுக் குடலில் வளர்ந்து நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும்.

கஷாயம் குடித்தவருக்கு வாந்தி, மயக்கம், பார்வை மங்கல், படபடப்பு ஏதேனும் கண்டால், உப்புக்கரைசல் புகட்டி வாந்தியெடுக்க வைக்கும் முயற்சியில் இறங்காமல், 108-ஐ அழைத்து, மிஞ்சிய கஷாயத்தையும் பறித்த செடியின் கிளையையும் கையோடு மருத்துவமனைக்கு எடுத்துச் செல்லுங்கள். எந்த விஷம் என்று தெரிந்தால் வைத்தியருடைய வேலை பாதியாகக் குறையும்.

இத்தனை அபாயங்களிலும் எனக்குப் பெரிதாகத் தோன்றுவது, இலையிலுள்ள நஞ்சன்று, கஷாயத்தை நம்பிக் கழிந்துபோகும் காலமே. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் இருமலுக்குப் பின்னால் காசநோய் மறைந்திருக்கலாம். மாலைக் காய்ச்சலும் உடல் மெலிவும் சளியில் ரத்தமும் சேர்ந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும். அதற்கான பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனையில் முற்றிலும் இலவசம். சிகிச்சைக் காலத்தில் போஷாக்குக்காக மாதம் 1,000 ரூபாய் நோயாளியின் வங்கிக் கணக்கில் செலுத்தப்பட வேண்டும், அதைக் கேட்டுப் பெறுவது யாசகமன்று, உரிமை. குழந்தைகள் விஷயத்தில் இரண்டு வாரம் காத்திருக்கவும் இடமில்லை. அமைதியாக இருக்கும் வேளையில் ஒரு முழு நிமிஷம் மூச்சை எண்ணிப் பாருங்கள். 2 மாதம் முதல் 1 வயது வரை 50-ம் அதற்கு மேலும், 1 முதல் 5 வயது வரை 40-ம் அதற்கு மேலும் இருந்தாலும், மூச்சிழுக்கும்போது மார்பின் கீழ்ப்பகுதி உள்வாங்கினாலும், அது நிமோனியாவாக இருக்கக்கூடும். அன்றே வைத்தியரிடம் கொண்டு செல்லவேண்டும். 2 மாதம் நிரம்பாத சிசுவுக்கு இருமல் கண்டால் கைவைத்தியமே வேண்டாம்.

தம் வீட்டாருக்குக் கஷாயம் காய்ச்சுவதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அதையே புட்டியில் அடைத்து மருந்தென்று விற்கப் புகுந்தால், 1940-ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருள்கள் சட்டப்படி உரிமம் பெற்றாக வேண்டும். சேர்மானங்கள், உரிம எண், தயாரிப்புத் தேதி ஆகியவை சீட்டில் இருக்கவேண்டும். காசநோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி குற்றம். இத்தகைய மருந்தை வாங்கித் தீங்குற்றவர் ரசீதையும் புட்டியையும் எறிந்துவிடாமல் பத்திரப்படுத்தி, சென்னை அரும்பாக்கத்திலுள்ள இந்திய மருத்துவத் துறைக்குப் புகார் எழுதலாம். 1915 என்னும் நுகர்வோர் உதவி எண்ணை அழைக்கலாம். நஷ்டஈடு கோரி மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குச் செல்வதாயின் 2 ஆண்டுக்குள் மனுச் செய்யவேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணமில்லை, வழக்கறிஞரை அமர்த்தாமல் தாமே நின்று வாதாடவும் செய்யலாம்.