கூட்டுச் சுத்திகரிப்பு நிலையம்: பொறுப்பு யாருடையது?

பாதாளச் சாக்கடை இல்லாத ஊர்களில், மலக்குழிகளில் சேரும் கசடு எங்கே போகிறது? நெடுங்காலமாக அது ஏரியிலும் ஓடையிலும் ஊருக்கு வெளியே உள்ள நிலங்களிலும் கொட்டப்பட்டு வந்தது. ‘ஊருக்கு வெளியே’ என்பது பெரும்பாலும் சேரிக்கு அருகே என்பதுதான் என்பதை நாம் அறிவோம்.

ஒவ்வொரு பேரூராட்சியும் தனித்தனியே சுத்திகரிப்பு நிலையம் கட்டினால் செலவு தாங்காது. எனவே, 2014இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட கசடு மேலாண்மை வழிகாட்டு நெறிமுறைகள், அண்டை உள்ளாட்சிகளைத் தொகுப்பாக இணைக்க வழிவகுத்தன. இன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் கருங்குழிப் பேரூராட்சியில் 2017இல் தொடங்கப்பட்ட நிலையம், அருகிலுள்ள மதுராந்தகத்தின் கசடுக்கும் சேர்த்தே அமைக்கப்பட்டது. கோவை மாவட்டத்தில் பெரியநாயக்கன்பாளையமும் நரசிம்மநாயக்கன்பாளையமும் ஒரே நிலையத்தைப் பகிர்ந்துகொள்ளும்படி திட்டமிடப்பட்டன.

இவ்வேற்பாடு தேவையானது; நாம் அதை எதிர்க்கவில்லை. ஆனால் பணி பகிரப்படும்போது பொறுப்பு நழுவிவிடக் கூடாது. நிலையம் ஓர் உள்ளாட்சியிடம் இருக்கும். கசடு அள்ளும் லாரி தனியாருக்குச் சொந்தமாக இருக்கும். மலக்குழியோ இன்னோர் உள்ளாட்சியின் எல்லைக்குள் இருக்கும். அக்குழிக்குள் இறக்கப்பட்ட தொழிலாளி உயிரிழந்தால், ஒவ்வொருவரும் மற்றவரைக் கைகாட்டுவர்.

சட்டம் இதற்கு இடமளிக்கவில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடை செய்யும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எந்த உள்ளாட்சியும் எந்த முகமையும் ‘நேரடியாகவோ மறைமுகமாகவோ’ எவரையும் மலக்குழியை அபாயகரமாகச் சுத்தம் செய்யும் பணியில் ஈடுபடுத்தக் கூடாது என்கிறது. முதன்முறை மீறினால் 2 ஆண்டுவரை சிறையோ, 2 இலட்சம் ரூபாய்வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். ‘மறைமுகமாக’ என்ற சொல்லே ஒப்பந்ததாரரின் பின்னால் ஒளிய முடியாதபடி தடுக்கிறது. இத்தகைய மரணங்களுக்கான இழப்பீட்டை 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 இலட்சத்திலிருந்து 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது.

எனவே உங்கள் பகுதியில் இத்தகைய கூட்டு ஏற்பாடு இருந்தால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் ஒப்பந்த நகலைக் கேளுங்கள். அதில் மூன்றைத் தேடுங்கள்: பாதுகாப்புக் கருவிகளை யார் தருவது? லாரிகளைக் கண்காணிப்பது எந்த உள்ளாட்சி? விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக்கு யார் பொறுப்பு? நிலையத்துக்கான இடம் எந்தக் குடியிருப்புக்கு அருகே, யாரைக் கேட்டுத் தேர்ந்தெடுக்கப்பட்டது என்றும் கேளுங்கள்.

விடை எழுத்தில் இல்லையெனில் அதை இப்போதே எழுதச் செய்ய வேண்டும். மரணத்திற்குப் பின் அதை நீதிமன்றத்தில் தேடும் நிலை எந்தக் குடும்பத்துக்கும் வரக் கூடாது.